பைபிளை தனியா உக்காந்து படிக்க எப்படி பழகுறது? வாசிக்கிறேன், ஆனா ஒண்ணும் நிக்க மாட்டேங்குது

நைட் டூட்டி நர்ஸ்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இங்க ரொம்ப நாளா வாசிக்க மட்டும்தான் செஞ்சேன், இன்னைக்கு ஒரு கேள்வி கேக்கணும்னு தோணுச்சு. நான் சிஎஸ்ஐ சபை, சண்டே ஸ்கூல், விபிஎஸ் (லீவுல நடக்கிற பைபிள் வகுப்பு), பைபிள் குவிஸ்னு எல்லாத்துலயும் வளர்ந்தவ. மெத்தூசலாவுக்கு எத்தனை வயசுன்னு கேட்டா உடனே 969ன்னு சொல்லுவேன், மனப்பாட வசனமும் நிறைய தெரியும். ஆனா தனியா பைபிளை தொறந்து, இந்த பகுதியில ஆண்டவர் என்ன சொல்றார்னு நானா உக்காந்து புரிஞ்சுக்கணும்னா எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல.

ஒரு வருஷத்துல முழு பைபிளும் முடிக்கிற அட்டவணை சபையில குடுத்தாங்க. ஒரு நாளைக்கு மூணு நாலு அதிகாரம் வரும். ஆதியாகமம் நல்லா போச்சு, யாத்திராகமம் பாதி வரைக்கும் கதை மாதிரி ஓடுச்சு, அப்புறம் ஆசரிப்புக் கூடாரத்தோட (வனாந்தரத்துல இஸ்ரவேலர் ஆராதிச்ச கூடாரம்) அளவு, திரை, கொக்கி, பாதம்னு வர ஆரம்பிச்சதும் கண்ணு வரி மேல ஓடுது, மனசு வார்டுல இருக்கு. லேவியராகமத்துல அப்படியே நின்னுடுச்சு.

மெசேஜ், அதாவது பிரசங்கம், நிறைய கேக்குறேன், பஸ்ல போகும்போதும் வரும்போதும் யூடியூப்தான். ஆனா ஒரு பகுதிய எடுத்தா இந்த பாஸ்டர் அதை பத்தி என்ன சொன்னார், அந்த பிரதர் என்ன சொன்னார்னு ஞாபகம் வருது, அந்த பகுதியில என்ன எழுதியிருக்குன்னு ஞாபகம் வரல. இது எனக்கு ரொம்ப உறுத்துது.

எந்த புத்தகத்துல ஆரம்பிக்கலாம்? விளக்கவுரை புக் ஏதாவது வாங்கணுமா? நானா புரிஞ்சுக்கிட்டது சரிதானான்னு எப்படி தெரிஞ்சுக்கிறது? அப்புறம் எல்லாரும் அதிகாலையிலதான் வாசிக்கணும்னு சொல்றாங்க, நைட் ஷிஃப்ட் முடிஞ்சு ஹாஸ்டல் வந்து விழுற எனக்கு அதிகாலைன்னு ஒண்ணு கிடையாது. யாராவது பொறுமையா சொல்லிக்குடுங்க அக்கா, அண்ணா.

---

சண்டே ஸ்கூல் டீச்சர்:

தங்கச்சி, வசனம் உறுத்தாதவங்க இந்த கேள்வியே கேக்க மாட்டாங்க, அதனால தைரியமா இருங்க.

அந்த அட்டவணைய நான் குறை சொல்ல மாட்டேன், முழு பைபிளையும் ஒரு தடவையாவது சுத்தி வந்தாதான் எது எங்க இருக்குன்னு தெரியும். ஆனா 1189 அதிகாரத்தை 365 நாள்ல முடிக்கணும்னு ஓடும்போது நின்னு பாக்க நேரம் இருக்காது. உங்களுக்கு இப்ப தேவை ஒரு சின்ன புத்தகத்தை எடுத்து அதுலயே ஒரு மாசம் குடியிருக்கிறது. நான் எல்லாருக்கும் சொல்றது பிலிப்பியர், பிலிப்பி ஊர் சபைக்கு பவுல் எழுதின கடிதம். நாலே அதிகாரம், 104 வசனம், நிதானமா வாசிச்சாலும் இருபது நிமிஷத்துக்கு மேல ஆகாது.

முதல்ல ஒண்ணு பண்ணுங்க. அதை முழுசா ஒரே மூச்சுல வாசிங்க, முடிஞ்சா சத்தமா. பவுல் எழுதினது ஒரு கடிதம், அதுல அதிகாரமும் கிடையாது வசன நம்பரும் கிடையாது. இப்ப நாம வச்சிருக்கிற அதிகாரப் பிரிவு 13ம் நூற்றாண்டுல ஸ்டீபன் லாங்டன்னு ஒரு பேராயர் போட்டதுன்னு சொல்றாங்க, புதிய ஏற்பாட்டு வசன நம்பர் 1551ல ராபர்ட் எஸ்தியேன்ங்கிற அச்சுக்காரர் போட்டது. தேடி எடுக்க ரொம்ப உதவிதான், ஆனா அதிகாரம் முடிஞ்சதும் நாமளும் டக்குன்னு நிறுத்திடுறோம், பவுல் அங்க நிறுத்தவே இல்ல. நடுவுல வர்ற தடிச்ச எழுத்து தலைப்பும் பிற்பாடு சேத்ததுதான், அதை கண்டுக்காம வாசிங்க.

ரெண்டு மூணு நாள் இப்படி முழுசா வாசிச்சதுக்கு அப்புறம் பென்சில் எடுங்க. இப்ப தேட வேண்டியது ஆசீர்வாத வசனம் இல்ல, ஆளுங்களையும் நிலைமையையும் தேடுங்க. எழுதுறவர் எங்க இருக்கார்? கட்டப்பட்டிருக்கார், 1ம் அதிகாரத்துலயே திரும்பத் திரும்ப சொல்றார். எதுக்கு இந்த கடிதம்? 4ம் அதிகாரம் கடைசியில பாருங்க, அந்த சபை எப்பாப்பிரோதீத்து கையில அவருக்கு உதவி அனுப்பியிருக்கு. அந்த எப்பாப்பிரோதீத்து வந்த இடத்துல சாகுற அளவுக்கு வியாதிப்பட்டு பிழைச்சிருக்கார், அது 2ம் அதிகாரத்துல இருக்கு, ஊர்ல அதை கேள்விப்பட்டு கவலைப்படுறாங்கன்னு அவரே தவிக்கிறார், அதனால பவுல் அவரை திருப்பி அனுப்புறார். இதெல்லாம் எந்த விளக்கவுரையும் இல்லாம, அந்த நாலு அதிகாரத்துக்குள்ளேயே கிடைக்குது. நீங்க நர்ஸ், வியாதிக்காரரோட வீட்டு ஆளுங்க படுற பாடு உங்களுக்கு தெரியும், அந்த பகுதிய என்னை விட நீங்க நல்லா வாசிப்பீங்க.

அதுக்கப்புறம் அப்போஸ்தலர் 16ம் அதிகாரத்துக்கு போங்க. இந்த பிலிப்பி சபை எப்படி ஆரம்பிச்சதுன்னு அங்க இருக்கு. ஆத்தோரத்துல ஜெபம் பண்ற இடத்துல லீதியாள், இரத்தாம்பரம் (விலை உசந்த சாயத்துணி) விக்கிற தியத்தீரா ஊர்க்காரி. குறி சொல்லி எஜமானுங்களுக்கு சம்பாதிச்சு குடுத்துட்டிருந்த ஒரு பொண்ணு. அடிபட்டு காலு தொழுமரத்துல மாட்டி நடுராத்திரியில பாட்டு பாடுன பவுலும் சீலாவும். கைதிங்க ஓடிட்டாங்கன்னு நினைச்சு தன்னையே குத்திக்கப் போன சிறைச்சாலைக்காரன், அவன் வீட்டுல எல்லாரும் ஞானஸ்நானம் எடுத்தது. இப்ப மறுபடி பிலிப்பியர் 4:4க்கு வாங்க, "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்". இந்த கடிதம் அந்த சபையில வாசிக்கப்பட்டப்போ சிறைச்சாலைக்காரன் வீட்டு ஆளுங்க அங்க உக்காந்து கேட்டிருக்கலாம். அவங்க ஊர் ஜெயில்லயே ரத்தக் காயத்தோட பாடுன மனுஷன், இப்ப இன்னொரு காவல்ல இருந்து சந்தோஷமா இருங்கன்னு எழுதுறார். காலண்டர்ல தனியா அந்த வரிய பாத்தப்போ எனக்கு இது ஒண்ணுமே தெரியாது.

4:13ம் அப்படித்தான். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு". நம்ம பிள்ளைங்க பரீட்சை நோட்டுல முதல் பக்கத்துல எழுதுற வசனம். முன்னாடி ரெண்டு வசனத்தை சேத்து வாசிங்க. தாழ்ந்திருக்கவும் தெரியும், வாழ்ந்திருக்கவும் தெரியும், திருப்தியா இருக்கவும் பட்டினியா இருக்கவும் கத்துக்கிட்டேன்னு சொல்லிட்டு வர்றார். அப்ப அவர் சொல்ற "எல்லாம்" எதுன்னு அங்கேயே இருக்கு. ஜெயிக்கிறதுக்கு மட்டும் கேட்ட பெலன் இல்ல அது, இல்லாமையிலயும் மனசு ஒடிஞ்சு போகாம இருக்கிற பெலன். பரீட்சைக்கு போற பிள்ளைக்கு அந்த வசனத்தை சொல்லாதீங்கன்னு நான் சொல்லல, மார்க் குறைஞ்சு வந்து அழுற பிள்ளைக்கும் அதே வசனம்தான்னு சொல்லிக்குடுங்கன்னு சொல்றேன்.

வாசிக்க ஆரம்பிக்கும்போது சங்கீதம் 119:18 ஜெபமா சொல்லுங்க, "உமது வேதத்திலுள்ள அதிசயங்களை நான் பார்க்கும்படிக்கு, என் கண்களைத் திறந்தருளும்". முடிக்கும்போது நோட்டுல மூணே விஷயம் எழுதுங்க. இங்க என்ன எழுதியிருக்கு, அன்னைக்கு அதை கேட்டவங்களுக்கு அது என்ன, இன்னைக்கு நான் செய்யறதுக்கு என்ன. அந்த வரிசைய மாத்தாதீங்க. நாம எல்லாரும் நேரா மூணாவதுக்கு தாவுறோம், அதனாலதான் ஒரே வசனம் ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுது.

விளக்கவுரை இப்ப வேண்டாம். ஒரு மாசம் கழிச்சு, உங்க நோட்டு நிறைஞ்சதுக்கு அப்புறம் வாங்குங்க. முதல்லயே அதை தொறந்தா யூடியூப் கதைதான் திரும்ப நடக்கும்.

---

மதுரை பிரதர்:

டீச்சர் அக்கா சொன்னதுல எனக்கு ஒரு மாற்றுக் கருத்தும் இல்ல, ஒண்ணு மட்டும் சேக்கணும். சிஸ்டர், எந்த மாதிரி எழுத்துன்னு பாத்துட்டு வாசிக்க பழகுங்க. கடிதம், பாட்டு, சரித்திரம், தீர்க்கதரிசனம், நீதிமொழி எல்லாம் ஒரே மாதிரி பேசாது. நீதிமொழிகள் 26:4 மூடனுக்கு அவனோட மதியீனத்தின்படி பதில் சொல்லாதேன்னு சொல்லுது, அடுத்த வசனமே பதில் சொல்லுன்னு சொல்லுது. சட்டப் புத்தகம் மாதிரி வாசிச்சா குழப்பம், ஞானமா வாசிச்சா எந்த ஆளுக்கு எந்த நேரத்துலன்னு யோசிக்க வைக்குது.

யார் பேசுறாங்கன்னும் பாக்கணும். "உன் துவக்கம் அற்பமாயிருந்தாலும், உன் முடிவு சம்பூரணமாயிருக்கும்" யோபு 8:7. நம்ம ஊர்ல கடை திறப்பு விழா, கல்யாண பத்திரிகை, ஆட்டோ முதுகு எல்லாத்துலயும் இருக்கு. இதை சொன்னது யார்? கர்த்தர் இல்ல, யோபும் இல்ல, யோபோட சிநேகிதன் பில்தாத். அதே அதிகாரம் 4ம் வசனத்துல அவன் என்ன சொல்றான்னு பாருங்க, பத்து பிள்ளைங்களையும் ஒரே நாள்ல பறிகொடுத்த தகப்பன்கிட்ட, உன் பிள்ளைங்க பாவம் செஞ்சிருப்பாங்க அதான் செத்தாங்கங்கிற மாதிரி பேசுறான். அந்த பேச்சோட தொடர்ச்சிதான் 7ம் வசனம், நீ சுத்தமா இருந்தா எல்லாம் சரியாகும்ங்கிற கணக்கு. 42:7ல கர்த்தர் எலிப்பாஸ்கிட்ட, நீயும் உன் ரெண்டு சிநேகிதரும் என்னை பத்தி நிதானமா பேசலன்னு கோபமா சொல்றார். ரெண்டு சிநேகிதர்ல ஒருத்தன் பில்தாத். யோபு புத்தகத்தை முழுசா வாசிச்சவங்க அந்த வசனத்தை ஆஸ்பத்திரி கட்டில் பக்கத்துல நின்னு சொல்றதுக்கு ஒரு நிமிஷம் யோசிப்பாங்க. நீங்க வார்டுல இருக்கிறவங்க, இது உங்களுக்கு ரொம்ப முக்கியம்.

எரேமியா 29:11ம் நேரம் கிடைக்கும்போது 28ம் அதிகாரத்துலேருந்து வாசிங்க. அனனியான்னு ஒருத்தன், சிறைபிடிச்சு கொண்டு போனவங்க எல்லாரும் ரெண்டே வருஷத்துல பாபிலோன்லேருந்து திரும்பிடுவாங்கன்னு சொல்லி, எரேமியா அடையாளமா கழுத்துல போட்டிருந்த நுகத்தை உடைக்கிறான். பாபிலோன்ல இருக்கிறவங்களுக்கு எரேமியா எழுதின கடிதம் எழுபது வருஷம்னு சொல்லுது, வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, உங்களை சிறை பிடிச்சிட்டுப் போன ஊரோட சமாதானத்துக்கு ஜெபம் பண்ணுங்கன்னு சொல்லுது. "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" அதுக்கு நடுவுலதான் வருது. கேட்டவங்கள்ல பாதி பேருக்கு மேல அந்த எழுபது வருஷ முடிவை உயிரோட பாத்திருக்க மாட்டாங்க. அப்பவும் அது நல்ல செய்திதான், இன்னும் ஆழமான நல்ல செய்தி.

லேவியராகமத்தை கைவிட்டுடாதீங்க. இப்போதைக்கு தள்ளி வச்சுட்டு, அந்த கூடாரத்தையும் பலியையும் விளக்குற எபிரெயர் 9, 10 வாசிச்சதுக்கு அப்புறம் திரும்ப வாங்க. ஒரு சின்ன விஷயம் சொல்றேன். லேவியராகமம் 12ல பிள்ளை பெத்த தாய் ஆட்டுக்குட்டி கொண்டு வரணும், அதுக்கு வசதி இல்லன்னா ரெண்டு காட்டுப்புறா இல்ல ரெண்டு புறாக்குஞ்சு போதும்னு இருக்கு. இப்ப லூக்கா 2:24 பாருங்க, மரியாளும் யோசேப்பும் என்ன கொண்டு வந்தாங்கன்னு. அவங்க ஏழைங்கன்னு லூக்கா தனியா ஒரு வரி எழுதல. லேவியராகமம் வாசிச்சவங்களுக்கு மட்டும் அது தெரியும்.

---

கடைக்காரர்:

பிரதர், நீங்க எழுதினதை வாசிச்சதும் எனக்கு மனசு கஷ்டமா போச்சு. நான் சின்னதா ஹார்டுவேர் கடை வச்சிருக்கேன், கல்லா மேல அந்த யோபு 8:7தான் பிரேம் போட்டு மாட்டியிருக்கு, எங்க அப்பா மாட்டினது. கடையில ஒண்ணுமே ஓடாத காலத்துல அதை பாத்து ஜெபம் பண்ணியிருக்கோம், ஆண்டவர் கைவிடல. இப்ப அதை கழட்டணும்னு சொல்றீங்களா? படிச்சவங்க இப்படி ஒவ்வொரு வசனமா எடுத்து இது உனக்கு இல்ல அது உனக்கு இல்லன்னு சொல்லிட்டே போனா சாதாரண விசுவாசிக்கு என்னதான் மிஞ்சும்?

---

மதுரை பிரதர்:

அண்ணே, கழட்டவே வேண்டாம். உங்க அப்பா பில்தாதை நம்பி ஜெபம் பண்ணல, கர்த்தரை நம்பி பண்ணினார், அவர் கேட்டார். அதுல எனக்கு சந்தேகமே இல்ல. அந்த புத்தகத்தோட கடைசி அதிகாரத்துலயே 42:12 இருக்கு, கர்த்தர் யோபோட முன்னிலைமைய விட பின்னிலைமைய ஆசீர்வதிச்சார்னு. முடிவு சம்பூரணமாத்தான் ஆச்சு, ஆனா பில்தாத் சொன்ன காரணத்தால ஆகல. யோபு எதையும் ஒத்துக்கிட்டு, பரிகாரம் பண்ணி அதை வாங்கல, அந்த சிநேகிதருக்காக அவனே ஜெபம் பண்ணின நேரத்துல கர்த்தர் அவன் சிறையிருப்பை மாத்தினார். ஒரு தடவை முழு யோபையும் வாசிச்சுட்டு அந்த பிரேமை பாருங்கண்ணே, அப்பாவோட விசுவாசம் உங்களுக்கு இன்னும் பெருசா தெரியும். மிஞ்சும்கிறது மட்டும் இல்ல, கூடும்.

---

பங்கு வாசகர்:

நான் கத்தோலிக்கன், இங்க எழுதலாமான்னு தயங்கினேன், ஆனா கேள்வி எல்லாருக்கும் பொதுவானது. எங்க பக்கத்துல பல வீட்டுல திருவிவிலியம் ஷோகேஸ்ல இருந்த காலம் ஒண்ணு இருந்தது, திருப்பலியில வாசகம் கேக்குறதோட சரி. 1965ல இரண்டாம் வத்திக்கான் சங்கம் (உலகம் முழுக்க உள்ள எங்க ஆயருங்க கூடின கூட்டம்) இறைவெளிப்பாடு பத்தின ஏட்டுல எல்லா இறைமக்களும் அடிக்கடி மறைநூலை வாசிக்கணும்னு அழுத்தமா சொல்லுச்சு. அப்படி வாசிக்க பழைய துறவிங்களோட ஒரு வழி எங்ககிட்ட இருக்கு, லெக்சியோ திவீனான்னு பேரு. 12ம் நூற்றாண்டுல இரண்டாம் கிகோங்கிற துறவி இதை நாலு படியா எழுதி வச்சார், வாசிக்கிறது, அசைபோடுறது, மன்றாடுறது, அப்புறம் அமைதியா அவர் முன்னாடி இருக்கிறது.

மேல சொன்ன ரெண்டு பேரும் முதல் ரெண்டு படிய நல்லா சொல்லிட்டாங்க, எனக்கு மூணாவது நாலாவது பத்தி சொல்லணும்னு ஆசை. பென்சில், நோட்டு, யார் எப்ப எங்கன்னு தேடுறது எல்லாம் வேணும், ஆனா அதுலயே ஒரு ருசி வந்துடும், புதுசா ஒண்ணு கண்டுபிடிச்ச சந்தோஷத்துல நூலை மூடி வச்சுட்டு போயிடுவோம், கடவுள்கிட்ட ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டோம். அதனால வாசிச்சதையே ஜெபமா திருப்புங்க. திருப்பாடல் 23 எடுத்தீங்கன்னா "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை". ஆண்டவரே, குறையில்லன்னு இன்னைக்கு என்னால சொல்ல முடியல, இந்த இந்த குறை இருக்கு, நீர் ஆயர்னு நம்ப எனக்கு உதவி செய்யும்னு அவர்கிட்டயே சொல்லுங்க. பெருசா வாசிக்கணும்னு இல்ல, பத்து வசனம் போதும். நாலாவது படிக்கு விளக்கம் சொல்ல எனக்கு தகுதி இல்ல, பேசி முடிச்சதும் உடனே எழுந்து போகாம கொஞ்ச நேரம் உக்காந்திருங்க, அவ்வளவுதான்.

சகோதரி, பிலிப்பியர் வாசிக்கும்போது 2:6லேருந்து 11 வரைக்கும் கண்டிப்பா இப்படி மெதுவா ஜெபிச்சுப் பாருங்க. எங்க திருப்புகழ்மாலையில (வேளாவேளைக்கு சொல்ற ஜெபப் புத்தகம்) சனிக்கிழமை மாலை ஜெபத்துல அந்த பகுதிய பாட்டாவே சொல்றோம்.

---

ரெண்டு பிள்ளைங்க அம்மா:

நேரத்தை பத்தி யாரும் சொல்லலையே, நான் சொல்றேன். அதிகாலை நல்ல நேரம்தான், இயேசுவும் இருட்டோட எழுந்து வனாந்தரமான இடத்துக்கு ஜெபிக்க போனார்னு மாற்கு 1:35ல இருக்கு. ஆனா அதே ஆண்டவர் ராத்திரி முழுக்க மலையில ஜெபம் பண்ணினதும் லூக்கா 6:12ல இருக்கு. மணி கணக்கு முக்கியம் இல்ல கண்ணு. உனக்கு எப்ப தலை தெளிவா இருக்கோ அது உன் அதிகாலை. டியூட்டிக்கு போறதுக்கு முன்னாடி, தூங்கி எழுந்து டீ குடிச்சதும் இருபது நிமிஷம் வச்சுக்கோ. போனை வேற ரூம்ல வச்சுடு, ஆப்ல வாசிச்சா நடுவுல வாட்ஸப் வரும், அச்சு பைபிளே எடு. எனக்கு குழந்தைங்க சின்னதா இருந்தப்போ உக்காந்து வாசிக்க வழியே இல்ல, ஆடியோ பைபிளை போட்டுட்டு சமைப்பேன், ஒரே அதிகாரம் வாரம் பூரா. அப்படி கேட்டு கேட்டே யாக்கோபு நிருபம் எனக்குள்ள இறங்கிடுச்சு.

சங்கீதம் 134 ஒண்ணு இருக்கு, மூணே வசனம், ராத்திரியில கர்த்தரோட ஆலயத்துல நின்னு வேலை செய்யறவங்களுக்குன்னே பாடினது. நைட் டியூட்டி போட்டிருக்கிற அன்னைக்கு அதை சொல்லிட்டுப் போ.

---

நைட் டூட்டி நர்ஸ்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. உடனே பதில் போடாம கொஞ்சம் வாசிச்சுட்டு எழுதலாம்னு இருந்தேன். டீச்சர் அக்கா சொன்ன மாதிரி பிலிப்பியரை முழுசா வாசிச்சிட்டே இருக்கேன், அப்போஸ்தலர் 16ம் பாத்தேன். சங்கீதம் 134 எழுதி லாக்கர் கதவுல ஒட்டியிருக்கேன் அக்கா.

ஒரு விஷயம் பட்டுச்சு, சரியான்னு சொல்லுங்க. 4:2ல எயோதியாள், சிந்திகேயாள்னு ரெண்டு பெண்களுக்கு பவுல் புத்தி சொல்றார், கர்த்தருக்குள்ள ஒரே சிந்தையா இருங்கன்னு. நான் இத்தனை வருஷமா இந்த பேரையே கவனிச்சதில்ல. அதுக்கப்புறம் திரும்ப முதல்லேருந்து வாசிச்சா, 2ம் அதிகாரத்துல வாதினாலயும் வீண்பெருமையினாலயும் ஒண்ணும் செய்யாதீங்க, ஒருத்தரை ஒருத்தர் மேன்மையா நினைங்கன்னு சொல்லி அதுக்கப்புறம்தான் இயேசு தம்மை வெறுமையாக்கி சிலுவை வரைக்கும் தாழ்த்தினதை சொல்றார். அப்ப அந்த பெரிய பகுதி முழுக்க இந்த சபையில இருந்த சண்டைக்காகத்தான் எழுதினாரோ? அப்படி நினைச்சதும் எனக்கு எங்க வார்டுல ஒரு சீனியர் அக்கா ஞாபகம் வந்தாங்க, டியூட்டி லிஸ்ட் விஷயமா எங்களுக்குள்ள பேச்சு இல்ல, ஹேண்ட் ஓவர் குடுக்கிறப்ப மட்டும் பேஷண்ட் விஷயம் பேசுவோம். பங்கு வாசகர் அண்ணா சொன்ன மாதிரி அந்த 6லேருந்து 11ஐ ஜெபமா சொல்ல பாத்தேன், முடியல, அந்த அக்கா முகம்தான் வந்துச்சு.

இன்னொரு சந்தேகம், 2:12ல பயத்தோடும் நடுக்கத்தோடும் உங்க இரட்சிப்பு நிறைவேற பிரயாசப்படுங்கன்னு இருக்கே. இரட்சிப்பு கிருபையாலதானே, நாம ஏன் அதுக்கு பாடுபடணும்? இது எனக்கு பயமா இருக்கு.

---

சண்டே ஸ்கூல் டீச்சர்:

தங்கச்சி, இதை வாசிச்சு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன்னு சொல்ல முடியாது. நீங்க எந்த மெசேஜ்லயும் கேக்காததை நீங்களா பாத்திருக்கீங்க.

எயோதியாள் சிந்திகேயாள் விஷயம். 2ம் அதிகாரம் அவங்களுக்காகத்தான்னு பவுல் நேரா சொல்லல, அதனால "தான்"னு அடிச்சு சொல்லாதீங்க, நோட்டுல "இருக்கலாம்"னு எழுதுங்க. ஆனா சபைக்குள்ள ஒருமனம் குறைஞ்சிருந்ததுங்கிறது கடிதம் முழுக்க தெரியுது, 1:27லயே ஆரம்பிக்குது, 2:14ல முறுமுறுப்பு வேண்டாம்ங்கிறார், 4ம் அதிகாரத்துல பேர் சொல்லியே கூப்பிடுறார். உங்க யோசனைக்கு நல்ல ஆதாரம் இருக்கு. 4:3ஐயும் விடாதீங்க. அந்த ரெண்டு பேரையும் அவர் திட்டல, சுவிசேஷத்துக்காக என்னோட பாடுபட்டவங்கன்னு சொல்றார், பக்கத்துல இருக்கிற இன்னொருத்தரை உதவி பண்ண சொல்றார். நல்ல வேலை செய்யற ரெண்டு பேருக்குள்ளதான் இந்த பிரச்சனை வந்திருக்கு. உங்க வார்டுக்கும் இது பொருந்தும்னு நினைக்கிறேன். யாரை முதல்ல பேச சொல்றார்னு கடிதத்துல இல்ல, ரெண்டு பேருக்கும் தனித்தனியா அதே புத்திதான். அந்த அக்கா பேசுறாங்களோ இல்லையோ, அடுத்த ஹேண்ட் ஓவர்ல சாப்பிட்டீங்களான்னு ஒரு வார்த்தை நீங்க கேளுங்க. ஜெபம் அதுக்கப்புறம் வரும். முகம் வந்துச்சுன்னு சொன்னீங்களே, அதுவே ஜெபத்துல பாதி.

2:12க்கு பதில் 13ல இருக்கு, நீங்க 12லயே நின்னுட்டீங்க. "ஏனெனில் தேவனே" அப்படின்னு ஆரம்பிச்சு, விருப்பத்தையும் செய்கையையும் உங்களுக்குள்ள உண்டாக்குறவர் அவர்தான்னு சொல்றார். அவர் உள்ள வேலை செய்யறதாலதான் நம்மால வெளிய செய்ய முடியுது. இரட்சிப்பை சம்பாதிக்க சொல்லல, கிடைச்ச இரட்சிப்பை நடக்கையில முழுசா காட்ட சொல்றார், அதுவும் தனி ஆளுக்கு சொன்னது இல்ல, "உங்கள்"னு முழு சபைக்கும். இப்பவே அந்த வசனத்துக்கு எபேசியர் 2:8லேருந்து 10 வரைக்கும் சேத்து வாசிங்க, கிருபையும் கிரியையும் எந்த வரிசையில வருதுன்னு அங்க தெளிவா இருக்கு.

நாம புரிஞ்சுக்கிட்டது சரியான்னு எப்படி தெரியும்னு முதல்ல கேட்டீங்க, நான் பதில் சொல்லாம விட்டுட்டேனே. இப்படித்தான். முன்ன பின்ன வாசிக்கிறது, வேற இடத்துல இதே விஷயம் என்னன்னு பாக்குறது, அப்புறம் வேற விசுவாசிங்ககிட்ட கேக்குறது. பெரோயா ஊர்க்காரங்க பவுல் சொன்னதையே வேதவாக்கியங்களோட தினமும் ஒத்துப் பாத்தாங்கன்னு அப்போஸ்தலர் 17:11 அவங்களை மெச்சிக்குது, அவங்க கூட்டமாத்தான் அதை செஞ்சாங்க. ஹாஸ்டல்ல இன்னும் ரெண்டு பேர் கிடைச்சா வாரத்துல ஒரு நாள் உக்காருங்க. இந்த சந்தேகத்தை உங்க ஆயர்கிட்டயும் கேளுங்க, அவருக்கு சந்தோஷமா இருக்கும். இப்ப வேணும்னா ஒரு விளக்கவுரையும் வாங்கிக்கலாம், உங்க நோட்டோட ஒத்துப் பாக்க.

பிலிப்பியர் முடிஞ்சதும் மாற்கு எடுங்க. 16 அதிகாரம், ஒரு லீவு நாள் மதியம் முழுசா வாசிச்சுடலாம். 8ம் அதிகாரத்துல பெத்சாயிதாவுல ஒரு குருடனை இயேசு ரெண்டு கட்டமா சுகமாக்குறார், முதல்ல மனுஷங்க மரங்களைப்போல நடக்கிற மாதிரி தெரியுது, திரும்ப கை வச்சதுக்கு அப்புறம்தான் தெளிவா தெரியுது. அதுக்கு முன்னாடி படகுல சீஷருங்ககிட்ட இயேசு என்ன கேட்டார், அதுக்கு அப்புறம் பேதுரு எதை சரியா சொல்லி, உடனே எதை புரிஞ்சுக்காம போனார்னு பாத்துட்டு, மாற்கு அந்த அற்புதத்தை ஏன் அங்க வச்சிருக்கார்னு நீங்களே எழுதுங்க. நான் சொல்ல மாட்டேன்.